லூர்துராணி விழுங்காத மாத்திரை

1962. பாலக்கரையில் குடியிருந்த லூர்துராணிக்குப் பிள்ளை பெற்றதிலிருந்து சில மாதங்களாக ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பாள். பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போவாள். மார்கழிக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. நன்றாகச் சாப்பிட்டும் ரவிக்கை தொளதொளத்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அவள் கணவன் தைரியராஜ், கழுத்து வீங்கியிருப்பதைக் கவனித்து டாக்டர் டோரதியிடம் கூட்டிப்போனான்.

தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். மருந்து பாலில் இறங்கினால் குழந்தையின் சுரப்பியைப் பாதிக்கலாம், அதனால் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும் என்றார். லூர்துராணி தலையாட்டினாள்.

அவளுடைய முதல் பிள்ளை புட்டிப்பால் குடித்து, வயிற்றுப்போக்கு வந்து இறந்துபோனது. அதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டாள். சாப்பிட்டதாகக் கணவனிடம் சொல்லிவிட்டு, கைக்குழந்தை செல்வமேரிக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

படபடப்பு முற்றியது. ஒருநாள் வீட்டுக்குள் இருக்க முடியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸிலும் உட்கார முடியவில்லை. மாம்பழச்சாலையில் இறங்கும்போது கை நடுங்கிக் குழந்தை நழுவியது. கீழே நின்ற பூக்காரி பவுனம்மாள் கூடையைப் போட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டாள். மல்லிகை ரோடெல்லாம் சிதறியது.

"உடம்புக்கு என்னம்மா? இப்படி நடுங்குறே?"

லூர்துராணி குழந்தையை வாங்கி இறுக அணைத்துக்கொண்டாள். அடுத்த பஸ்ஸில் நேராக டாக்டரிடமே திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் திட்டவில்லை. "முதல் குழந்தையைப் பத்தி நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமே," என்றார். புட்டி வேண்டாம், மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடையில் புகட்டலாம் என்றார். அதை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும், பசும்பாலை நன்றாகக் காய்ச்ச வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

முதலில் குழந்தை அவளிடம் பாலாடையைத் தொடவே இல்லை. அவள் வாசனைக்கு மார்பைத்தான் தேடியது. தைரியராஜ் புகட்டினான். லூர்துராணி கொல்லையில் பால் கட்டிய வலியோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மாத்திரையை மட்டும் விடவில்லை.

ஈஸ்டருக்குள் நடுக்கம் அடங்கியது. செல்வமேரியும் கொழுகொழுவென்று ஆனாள். அம்மா புகட்டினாலும் குடித்தாள். ஆனாலும் தூக்கக் கலக்கத்தில் குழந்தை அவள் நெஞ்சில் முகத்தைத் தேய்க்கும்போது, லூர்துராணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.