நூற்றிருபத்தொன்றுக்குப் போகும் வழி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதில்லை. அண்ணியும் என் தங்கையும் சாப்பாட்டு மேசையில் பேசியதை ஒட்டுக்கேட்டு எடுத்தது. இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். அண்ணி மட்டும், "என்னை நல்லவளாக் காட்டாத. நடந்ததை எழுது" என்றார்.

2

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அண்ணி தன்

(மழை பெய்யவில்லை. கதைக்கு ஈரம் வேண்டுமென்று நானே பெய்யவைத்தேன். விட்டுவிடுகிறேன்.)

அண்ணி தாவரவியலாளர். பதினாறு வருடம் மலை மலையாக அலைந்து ஒரு புத்தகம் எழுதினார். கையில் இருக்கும் செடியின் பெயர் தெரிய வேண்டுமா? புத்தகம் ஒவ்வொரு படியிலும் இரண்டு விடை தரும். இலைகள் எதிரெதிராக இருந்தால் 40-க்குப் போ; மாறிமாறி இருந்தால் 63-க்குப் போ. இப்படிப் போய்ப் போய் ஒரு பெயரில் வந்து நிற்கலாம்.

தங்கை நிரல் எழுதுபவள். கைபேசியில் ஓடும்படி அந்தப் புத்தகத்தைத் தரவாக மாற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வரிசை. அதில் படியின் எண், இரண்டு விடைகள், ஒவ்வொரு விடையும் எந்த எண்ணுக்கு அனுப்புகிறது என்பது.*

* அண்ணியும் நாத்தனாரும் ஒரே மேசையில் என்றதும் சண்டைக்குக் காத்திருப்பீர்கள். நானும் காத்திருந்தேன்.

3

"அண்ணி, 112-க்கு ரெண்டு இடத்துலேர்ந்து வழி வருது. 121-க்கு ஒண்ணுகூட இல்ல."

"அப்படி இருக்காதே."

"88-ஐப் பாருங்க."

பார்த்தார். 88-இன் இரண்டாவது விடை 121-க்கு அனுப்ப வேண்டியது. 112 என்று அச்சாகியிருந்தது. 121-க்குப் பின்னால் இருந்த நான்கு செடிகளை, புத்தகம் வெளிவந்த ஒன்பது வருடமாக, அதை நம்பிப் போன யாரும் அடைந்திருக்க முடியாது.

"மாத்தறது ரெண்டு நொடி வேலை" என்றாள் தங்கை.

அண்ணி எழுந்துபோய் ஒரு கடிதக் கோப்பை எடுத்துவந்தார். அதில் ஒரு வனக்காவலரின் மூன்று கடிதங்கள் இருந்தன. புத்தகம் சொல்லும் செடிக்கு முள் உண்டு, என் கையில் இருப்பதற்கு இல்லை என்று மூன்றிலும் எழுதியிருந்தார். மூன்றுக்கும் அண்ணி அனுப்பிய பதில் ஒரே வரி: மறுபடி கவனமாகப் பார்க்கவும்.

"மூணு தடவை" என்றார் அண்ணி. "ஒரு தடவைகூட நான் புத்தகத்தைத் திறந்து பார்க்கல."

4

முடிவு அ: காவலர் இறந்துபோயிருந்தார். (எழுதி அடித்துவிட்டேன். கதை கனக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதரைக் கொல்ல மனம் வரவில்லை.)

முடிவு ஆ: அவர் கண்கலங்கி மன்னித்தார். (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

5

நடந்தது இதுதான். மூவரும் பேருந்து பிடித்துக் காவலரைப் பார்க்கப் போனோம். சோதனைச்சாவடி அறையில் அவர் வாக்கிடாக்கிக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். அண்ணி உட்காரக்கூட இல்லை.

"தப்பு என்மேல. நீங்க சொன்னது சரி."

"தெரியும்மா." இழுப்பறையிலிருந்து, ஓரம் மடங்கிய தன் பிரதியை எடுத்தார். 88-இல் 112 பென்சிலால் அடிக்கப்பட்டு, 121 என்று எழுதியிருந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று தங்கை கேட்டாள்.

"எந்தப் படியும் 121-க்கு அனுப்பலையேம்மா. தனியா நின்னுச்சு."

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் நிரல் செய்ததும் அதைத்தான்.

"எனக்கு எழுதியிருக்கலாமே" என்ற அண்ணி உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நாலாவது தடவையுமாம்மா?" குரலில் கோபமே இல்லை. அண்ணிக்கு அதுதான் வலித்தது. "இங்க வேலைக்கு வர்றவங்களுக்கு நானே திருத்திக் குடுத்துடறேன். பதினோரு பேர்கிட்ட சரியான புத்தகம் இருக்கு."

அண்ணி பக்கங்களைப் புரட்டினார். இன்னும் பத்தொன்பது இடங்களில் பென்சில் குறிப்புகள்.

"இதெல்லாம்?"

"அதுவும் தப்புன்னு நெனைக்கிறேன். சிலது என் தப்பாவும் இருக்கலாம்."

அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "முதல்லேர்ந்து சொல்லுங்க." தங்கை மடிக்கணினியைத் திறந்து, ஒவ்வொரு வரிசையிலும் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள்: திருத்தியவர்.

6

முதல் குறிப்பிலேயே இருவரும் மோதிக்கொண்டார்கள். இந்தச் செடிக்குக் கொத்துப் பூ என்றார் அண்ணி. கோடையில் தனிப் பூ என்றார் காவலர்.

"நான் பார்த்ததே இல்லையே."

"நீங்க வந்த மாசம் வேறம்மா."

அண்ணி அந்தக் குறிப்பின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு, "அப்ப கோடையில வர்றேன்" என்றார்.

யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. இதை எழுதி முடிக்கும் இன்று காலை, காவலர் அந்தச் செடியின் மொட்டு விட்ட கிளையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். காம்பின் நுனியில் ஒரு மொட்டு தெளிவாகத் தெரிகிறது. அதன் பின்னால் இன்னொன்று இருக்கிறதா, இலையின் நிழலா? அண்ணியும் தங்கையும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் வந்து பாருங்கள்.