கன்னிக்கு ஏது மெட்டி

புருசன் பால்சாமி மகள் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டார் என்றதும் தங்கலட்சுமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒற்றை மகள் சுகப்பிரியா, பெங்களூரில் கூட வேலை பார்க்கும் அஸ்ஸாம்காரப் பையனைத்தான் கட்டுவேன் என்று போன தையில் சொன்னாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மனுசர் பேச்சு நின்றுபோனது. தட்டு வைக்கிற சத்தம், தட்டு கழுவுகிற சத்தம், அவ்வளவுதான். பையன் பேர் பிராஞ்சல். அந்தப் பேரை வாய்க்குள் நுழைக்கத் தங்கலட்சுமி தனியாக அடுப்படியில் நின்று சொல்லிப் பழகினாள். பால்சாமி அந்தப் பேரைக் கேட்டாலே எழுந்து மல்லிக்காட்டுக்குப் போய்விடுவார். அப்பேர்ப்பட்ட மனுசர், முந்தாநாள் தானாகவே போனை வாங்கி மகளிடம் பேசினார்.

"வா தாயி. ஒளிஞ்சு மறைஞ்சு எதுக்குக் கட்டணும்? நாங்களே ஊரறியப் பண்ணி வைக்கிறோம். நீ மட்டும் மொதல்ல வா, அவுக வீட்டாளுக பொறகு வரட்டும். நான் இருக்கேன்ல."

அந்தப் பக்கம் மகள் அழுதாள். இந்தப் பக்கம் தங்கலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருசத்தில் புருசன் மேல் இவ்வளவு பிரியம் அவளுக்கு வந்ததே இல்லை.

இன்று காலை சுகப்பிரியா மதுரை வந்து இறங்கிவிட்டாள். அவள் வீட்டுக்கு வருமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. கன்னிப்பெட்டியை இறக்க வேண்டும்.

பெட்டி அடுப்படிக்கு அடுத்த இருட்டறையில், விட்டத்தில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கியது. பனையோலைப் பெட்டி. அதற்குள் இருப்பது பால்சாமியின் தங்கச்சி ஈஸ்வரி. தங்கலட்சுமி வாக்கப்பட்டு வருவதற்கு முந்தின வருசம், கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனவள் தவறி விழுந்து செத்தாளாம். கல்யாணமாகாமல் செத்த பொண்ணு வீட்டுக்குத் தெய்வமாகிவிடுவாள். அந்த வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் சேலை அவளுக்குத்தான். புதுச்சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழைய சேலையை எடுத்துக் கல்யாணப் பெண் ஒரு பொழுது கட்ட வேண்டும். பெட்டியைக் கூடப்பிறந்தவன்தான் தொடலாம், மருமகள் தொடக் கூடாது. கடைசியாக அதை இறக்கியது தங்கலட்சுமியின் கல்யாணத்துக்கு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கல்யாணமே நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பெட்டிக்குக் கீழே விளக்கு வைக்கிறவள் தங்கலட்சுமிதான். வைக்கும்போதெல்லாம் ஒரு சத்தம் கேட்கும். தளத்தில் மெட்டி உரசி உரசி நடக்கிற சத்தம். நம் கால்தான் என்று முதலில் இருந்துவிட்டாள். ஆனால் மாமனார் சங்கையா படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் ஓயாமல் கத்தினார்.

"அந்த மெட்டியக் கழட்டச் சொல்லுங்கடா! கழட்டச் சொல்லுங்க!"

கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் சொன்னது. அவர் பாடு தாங்காமல் தங்கலட்சுமி தன் மெட்டிகளைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டாள். கிழவர் சாகும்வரை கத்தத்தான் செய்தார். அதற்குப் பிறகு அவள் மெட்டி போடவே இல்லை. ஏன் போடவில்லை என்று பால்சாமி ஒருநாளும் கேட்கவில்லை. மோரில் உப்புக் கூடினால் மூன்று நாள் முறுக்கிக்கொள்கிற மனுசர், இதை மட்டும் கேட்கவில்லை. சத்தம் நிற்கவும் இல்லை. கல்யாணமாகாத கன்னிக்கு ஏது மெட்டி என்று தன்னையே அதட்டிக்கொண்டு அவள் காலத்தை ஓட்டிவிட்டாள்.

பால்சாமி போன மாசம் முழங்காலில் ஆபரேசன் செய்து கட்டிலோடு கிடந்தார். ஏணியில் ஏற முடியாது. வேறு ஆளையும் அந்த அறைக்குள் விட மாட்டார்.

"நீயே எறக்கு. தொறக்காத. அப்படியே கொண்டாந்து எம்மடியில வையி," என்றார்.

தங்கலட்சுமி மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏணியில் ஏறினாள். கயிற்றை அவிழ்த்துப் பெட்டியை மார்போடு அணைத்து இறங்கினாள். கடைசிப் படியில் கால் வைத்தபோது ஓலை இற்றுப்போய் அடிப்பாகம் பிய்ந்துகொண்டது. சேலை சரிந்து காலடியில் விழுந்தது. குனிந்து அள்ளினாள். சேலை ஈரமாக இருந்தது. வானம் பார்த்த பூமியில், இந்தக் கோடையில், அடுப்புப் புகையில் காய்கிற விட்டத்தில் கிடந்த சேலை, பாசி வாடை அடித்தது.

முந்தானையில் ஒரு முடிச்சு. அதுவும் இற்றிருந்தது. அதிலிருந்து இரண்டு வெள்ளி மெட்டிகள் நழுவித் தளத்தில் உருண்டன. இத்தனை வருசமாக அவள் கேட்ட சத்தம் அதுதான்.

மெட்டிகளை உள்ளங்கையில் வைத்து அவள் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஈஸ்வரிக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?"

பால்சாமி அவள் கையைப் பார்த்தார். மூடி மறைக்க அவருக்குத் தெம்பில்லை. எப்போது கேட்பாள் என்று காத்திருந்தவர் போலத்தான் சொன்னார்.

"டவுனுல தறி ஓட்டுன பய. வேத்தாளு. கோயில்ல வச்சுத் தாலி கட்டிக்கிட்டா. அருப்புக்கோட்டையிலதான் குடியிருந்தாக. அய்யா என்னைய அனுப்புனாக, போயிக் கூட்டியாடான்னு."

"என்ன சொல்லிக் கூப்பிட்டீக?"

"வா தாயி, நாங்களே ஊரறியப் பண்ணி வைக்கிறோம், நீ மட்டும் மொதல்ல வா, அண்ணே நான் இருக்கேன்லன்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

"நான் தள்ளல தங்கம். கூட்டியாந்தேன், அம்புட்டுத்தான். கெணத்தடியில அய்யா நின்னாக. தாலிய அத்து உள்ளயே போட்டுட்டாக. மெட்டி மட்டும் எங்கையில தங்கிருச்சு. எங்க கொண்டு போட்டாலும் சத்தம் கேட்டுச்சு. அதான் அவகிட்டயே குடுத்துட்டேன்."

கொன்றவர்களே கன்னி என்று பேர் வைத்துச் சேலையும் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அந்தச் செத்தவள் சேலையைக் கட்டிக்கொண்டுதான் தங்கலட்சுமியும் அன்று மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தாள்.

"எம்பிள்ளைய எதுக்கு வரச் சொன்னீக?"

"கல்யாணத்துக்குத்தான். நெசமாத்தான் சொல்றேன். அன்னைக்கு மாதிரி இல்ல." பால்சாமி அழுதார்.

"அன்னைக்கு ஈஸ்வரி கேட்டிருந்தாலும் நெசமாத்தான்னு சொல்லியிருப்பீகல்ல?"

அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தங்கச்சிக்குச் செய்த பாவத்தை மகள் கல்யாணத்தில் கழுவ நினைத்திருக்கலாம். ஆனால் இருக்கலாம் என்பதை நம்பிப் பெற்ற பிள்ளையை எந்தத் தாய் கூப்பிடுவாள்?

போன் அடித்தது. சுகப்பிரியாதான்.

"அம்மா, அருப்புக்கோட்டை பஸ்டாண்டு வந்துட்டேன். நம்மூருக்குப் போற பரளச்சி பஸ்ஸு நிக்குது. ஏறிரவா?"

"ஏறாத!"

அவள் போட்ட சத்தத்தில் கட்டிலில் கிடந்தவர் திடுக்கிட்டார். தங்கலட்சுமி குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அங்கனயே ஆளுக இருக்குற எடமாப் பாத்து உக்காரு தாயி. நான் வாரேன். ரெண்டு பேருமா பெங்களூருக்கே போயிருவோம். அந்தத் தம்பிகிட்ட சொல்லிரு, அத்தை வாராகன்னு."

"அப்பா வரலையாம்மா?"

"அப்பா வரல."

மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு அவள் இருட்டறைக்குப் போனாள். பழைய சேலையைத் தரையில் விரித்து, மெட்டிகளை அதன்மேல் வைத்து, மஞ்சளும் குங்குமமும் இட்டாள். கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு வைக்கிற மாதிரி வெற்றிலை பாக்கும் வைத்தாள். புதுச்சேலையை வைக்கவில்லை. பழையதை மகளுக்கென்று எடுக்கவும் இல்லை.

"ஈஸ்வரி, ஒன்னைய வா வான்னுதான் எல்லாரும் கூப்பிட்டாக," என்றாள். "நான் கூப்பிடல. போறதும் இருக்கிறதும் ஒன் இஷ்டம்."

பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு வாசல் இறங்கினாள். பால்சாமி கூப்பிடவில்லை. வெயில் ஏறிவிட்டிருந்தது. தெருவில் கோழிகூட இல்லை. மண் தூர்த்து மூடிய கிணற்றைத் தாண்டும்போது மட்டும் நடையைக் கூட்டினாள்.

தெருமுனைக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் பின்னால் வீட்டுக்குள்ளிருந்து பால்சாமியின் குரல் கேட்டது. கோபமில்லை. போன உயிர் திரும்பி வந்த மாதிரி அவ்வளவு ஆறுதல் அந்தக் குரலில்.

"தங்கம்? திரும்பி வந்துட்டியா? மெட்டிச் சத்தம் கேக்குதே…"

தங்கலட்சுமி குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓட ஆரம்பித்தாள்.