அண்ணாச்சி சொல்லிட்டாரு, அப்ப நடக்காது

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அந்த வாக்கியம்கூட என்னுடையதல்ல. 1967-ஆம் வருடம், தாராவியில் ஒரு சோடாக் கடை முன்னால் நின்று பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் தன் கூட்டாளியிடம் சொன்னார்: "நடக்கும்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. அப்ப நடக்காது." சொன்னவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை. குர்லா வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்குப் புரையேறிவிட்டது. மாட்டுங்காவில் மெஸ் சாப்பாடு, பம்பாய்க் கோட்டைப் பகுதியில் டைப்பிஸ்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதும் ஆசை, இவ்வளவுதான் அன்றைய நான். அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. ராத்திரியே எழுத உட்கார்ந்தேன்.

"தாராவியின் குறுகிய சந்துகளில் வாழ்வின் அவலம் சாக்கடையாக ஓட, அங்கே—"

இல்லை. நான் பார்த்த சந்தில் அன்று ஓடியது சோப்புத் தண்ணீர். அதை ஒருவன் சீட்டியடித்துக்கொண்டே தாண்டிப் போனான். அடுத்த முயற்சி:

"காசிராஜன் ஒரு தோற்றுப்போன தீர்க்கதரிசி—"

இதுவும் சரியில்லை. தோற்றுப்போனவர் மாதிரியா இருந்தார் அந்தச் சோடாக் கடை அண்ணாச்சி? சோடா புட்டியைக் கட்டை விரலால் ஒரே அமுக்கில் திறந்து, அது கீச்சிடும் சத்தத்துக்கு மேல் தன் குரலை உயர்த்தி, உலகத்தையே பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்தார். ஜோடனையெல்லாம் வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

காசிராஜனுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. கடையில் ஒரு ரேடியோ, ஒரு தமிழ்ப் பேப்பர், ஒரு நீள பெஞ்சு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் அபிப்பிராயம் சொல்லாமல் எப்படி இருப்பான்?

முதலில் சங்கீதம். "புதுசா ஒருத்தன் பாடுதானே, மூக்கடச்சாப்புல? ஒரு படத்தோட மூட்டயக் கட்டிருவான்" என்றார். அந்த வருடம் முழுக்க அந்தக் குரல்தான் எல்லா ரேடியோவிலும் பாடியது, அவருடைய ரேடியோ உள்பட. அடுத்தது கால்பந்து. இந்திய டீம் ஜகார்த்தாவுக்குப் போனபோது, "மொத ரவுண்டோட திரும்பிருவானுவ" என்றார். தங்கத்தோடு திரும்பினார்கள். கல்கத்தாக்காரன் ரோவர்ஸ் கப்பைத் தொடமாட்டான் என்றார், தூக்கிக்கொண்டே போனான். நாட்டு நடப்பிலும் ஒரு குறை வைக்கவில்லை. சீனாக்காரன் மலையேறி வரமாட்டான், ரூபாயின் மதிப்பைக் குறைக்கமாட்டார்கள், மதராஸில் காங்கிரசை அசைக்க இனிமேல்தான் ஒருத்தன் பிறக்கவேண்டும். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.*

* ஒரு தடவை அவர் சொன்னது பலித்தது. "இந்த ஜூலையில லோக்கல் வண்டி தண்ணியில நிக்கும்" என்றார், நின்றது. அது எல்லா ஜூலையிலும் நிற்கும், கணக்கில் வராது.

பெஞ்சில் தினமும் கூட்டம். கூட்டத்துக்குத் தலைவர் மன்சூர் அலி, மாஹிமில் தையல் வேலை செய்பவர். அண்ணாச்சி பேசப் பேச, "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவார். பிறகு வேலைக்குப் போய், விவரம் தெரியாத ஆட்களிடம் அதற்கு நேர் எதிராகப் பந்தயம் கட்டுவார். பந்தயம் மாட்டுங்காவில் ஒரு மசால் தோசை. மற்றவர்களும் அப்படியே. நல்ல பேச்சுக்கு ஆள் தானாகச் சேரும் என்று காசிராஜன் நினைத்திருந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். காலையில் வானத்தைப் பார்த்து "இன்னைக்கு மழை வராது" என்று அவர் சொன்னால், மனைவி ஆறுமுகத்தாய் ஈரத்துணியை வீட்டுக்குள் கொடியில் போடுவாள். "கொட்டப் போவுது" என்றால் வற்றலைத் தூக்கி வெளியே வைப்பாள். அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. கவனித்துவிட்டால் அவர் எப்படி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே இருக்கமுடியும்?

(எப்போதும் தப்பாகவே சொல்வதும் எப்போதும் சரியாகவே சொல்வதைப்போலக் கஷ்டமாயிற்றே, இப்படி ஒருவர் இருப்பாரா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பாத்திரத்தை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அடுத்த ஞாயிறு போய் இன்னொரு சோடா குடித்தேன். சந்தேகம் போய்விட்டது.)

3

இனி சுயம்பு வருகிறான். ஆறுமுகத்தாயின் தம்பி. பகலில் தோல் பட்டறையில் தினக்கூலி, சாயங்காலம் மைதானத்தில் லெஃப்ட் விங். ஒரு மில்லின் கால்பந்து டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டிரயல். தேறினால் மில்லிலேயே பர்மனெண்ட் வேலை. தேறாவிட்டால் பட்டறையும் தினக்கூலியும்தான்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அவன் கடைக்கு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அத்தான், எனக்காவ ஒரே ஒரு வார்த்த சொல்லணும்."

"சொல்லுதேன்லே. ஒன் எடது காலுக்கு இந்தப் பம்பாயில—"

கடையை ஒட்டிய வீட்டில் மாவு கரைத்துக்கொண்டிருந்த ஆறுமுகத்தாய் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். மீசையெல்லாம் இட்லி மாவு.

"சொல்லிராதிய! எந்தம்பி பொழப்பு!"

"நான் தேறமாட்டேன்னு சொல்லுங்க அத்தான்" என்றான் சுயம்பு, தலையைக் குனிந்துகொண்டு.

"ஏம்லே? கிறுக்கு புடிச்சிருக்கா?"

மன்சூர் அலி தன் புட்டிக்குள் கிடந்த கோலியைக் கொஞ்ச நேரம் உருட்டினார். கடைசியில் அவர்தான் சொன்னார்.

"கோவப்படாதீங்க அண்ணாச்சி. நீங்க என்ன சொன்னாலும் அதுக்கு உல்ட்டாதான் நடக்கும். இது இந்தச் சந்துக்கே தெரியும். ஒங்க புண்ணியத்துல நான் தின்ன தோசை கொஞ்சமில்ல."

காசிராஜன் மனைவியைப் பார்த்தார்.

"ஒனக்கும் தெரியுமாட்டி?"

"மழைக்கு மட்டுந்தான்" என்றாள் அவள்.

அவருக்கு வலித்தது. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. தன் பேச்சுக்காக வருகிறார்கள் என்று நம்பி எத்தனையோ பேருக்கு ஐஸ் அதிகமாகப் போட்டுக்கொடுத்தவர். மீசையைத் துடைத்துக்கொண்டார், ரேடியோவை அணைத்தார், கடையை அடைத்தார்.

4

மறுநாள் கடை திறந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. ரேடியோ பாடியது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரில் தலைப்புச் செய்தி இருந்தது, அவர் பஜ்ஜிக்காரனுக்குக் கிழித்துக் கொடுத்தார். பெஞ்சுக்காரர்கள் திண்டாடிப் போனார்கள். எந்தப் பக்கம் பந்தயம் கட்டுவது?

அவர்களுக்காவது தோசைதான் போயிற்று. எனக்குக் கதையே போய்விட்டது. அபிப்பிராயம் சொல்லாத காசிராஜனை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவேன்? ஒரு வரைவில் அவரைப் பழிவாங்க வைத்தேன். நினைப்பதற்கு மாறாகச் சொல்லி எல்லாரையும் தோசைப் பந்தயத்தில் தோற்கடிக்கிறார். படிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அத்தனை சூது அந்த மனிதருக்கு வராது. இன்னொரு வரைவில்,

"தனிமையில் அவர் கண்கள்—"

வேண்டாம், விடுங்கள்.

(இதுவரை எழுதியதைப் பின்னால் ஒரு நாள் அவரிடமே படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக்கூடாது. "ஏ-ஒன்னாப் போவுது தம்பி. ஒரே மூச்சுல முடிச்சிருவீரு" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் என் பேனா நகரவேயில்லை.)

உண்மையில் அவர் அந்த நாட்களில் யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மனைவியிடம் சொன்னார்:

"தேறமாட்டான்னு வாயால சொல்லிருவேன்ட்டி. ஆனா அது பொய். பொய்யி உல்ட்டா ஆவுமா? மனசாரச் சொன்னாத்தான அபிப்பிராயம்."

ஆகவே, சுயம்பு தேறமாட்டான் என்று மனசார நம்பிவிடுவது என்று தீர்மானித்தார். சனிக்கிழமை சாயங்காலம் கடையை மன்சூர் அலியிடம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனார். மச்சினன் ஆட்டத்தில் குறை கண்டுபிடிக்கவேண்டும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அவனுக்கு வலது கால் சும்மா ஊன்றத்தான் உதவும் என்று ஒரு குறை கிடைத்தது. மனதுக்குள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வளர்த்துக்கொண்டிருந்தபோது, சுயம்பு இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு அதே வலது காலால் பந்தைக் கோலுக்குள் போட்டான். "அடடா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்தார்.

"முடியலட்டி. எப்படிப் பாத்தாலும் பய நல்லாத்தான் ஆடுதான்."

ஆறுமுகத்தாய் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தம்பிக்குக் கெடுதலாக ஒன்றை நினைக்கக்கூட முடியாமல் தவிக்கும் இந்த மனிதரை இத்தனை வருடம் மழைக்கு மட்டும் பயன்படுத்தியது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை. லேசான தூறல். தாராவி ஆட்கள் எல்லைக்கோடு நெடுக நின்றார்கள், காசிராஜன் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு நின்றார். மில்லிலிருந்து ஆள் தேர்ந்தெடுக்க வந்த அதிகாரி, மடக்கு நாற்காலி, குடை, மடியில் கடலைப் பொட்டலம் சகிதம் உட்கார்ந்திருந்தார்.

சுயம்பு இடது பக்கம் பறந்துகொண்டிருந்தான். அதிகாரி இடது பக்கத்துக்கு முதுகைக் காட்டி, பக்கத்து ஆளிடம் கடைவாய்ப் பல் வலியைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சுயம்பு மூன்று பேரைத் தாண்டினான். அதிகாரி கடலைத் தோலை ஊதினார். பந்து வெளியே போனபோது மட்டும் கை தட்டினார்.

காசிராஜனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. வெற்றிலையைத் துப்பினார்.

"இந்தாளுக்குப் பந்துக்கும் பரங்கிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதுடே! இவனாவது ஆள் எடுக்கதாவது! லேய் சுயம்பு, நீ தேறமாட்டலே! எக்தம் தேறமாட்ட, கண்டிப்பாத் தேறமாட்ட!"

ஒரு விநாடி மைதானமே நின்றது. இது பொய்யில்லை, நடிப்பில்லை, மனசார வந்த சுத்தமான அபிப்பிராயம். அடுத்த விநாடி தாராவி ஆட்கள் கத்திய கத்தலில் அதிகாரியின் கடலை சிந்திவிட்டது. மன்சூர் அலி தொப்பியை மேலே எறிந்தார். ஆறுமுகத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடு மைதானத்தில் சுயம்பு சிரித்துவிட்டான். காலையிலிருந்து இறுகிக் கிடந்த உடம்பு அந்தச் சிரிப்பில் தளர்ந்தது, அதற்குப் பிறகு அவன் ஆடிய ஆட்டத்தை நான் வருணிக்கப்போவதில்லை. எனக்குக் கால்பந்து தெரியாது. அதிகாரி திரும்பி உட்கார்ந்து பார்த்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

கதை இங்கேயே நன்றாக முடிந்திருக்கும். நான் 'முற்றும்' என்றுகூட எழுதிவிட்டேன். ஆனால் காசிராஜனுக்குப் பேச்சு திரும்பிவிட்டதே! வீட்டுக்குத் திரும்பும் வழியில், சந்தோஷம் தாங்காமல், யாரும் கேட்காமலே சொன்னார்:

"இருந்தாலும் மக்கா, இன்னைக்கு ஆடுன ஆட்டத்துக்குக் குருடனும் எடுத்துருவான். செவ்வாக்கெழம மில் கேட்டுல பய பேரு இருக்கும், பாரு."

ஆறுமுகத்தாய் நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி இது!" என்று மன்சூர் அலி தலையில் கை வைத்தார். "ரெண்டும் சொல்லிட்டீங்களே! இப்ப நான் எதுல வைக்க?"

அவர் எதிலும் வைக்கவில்லை.

6

ஏனென்றால் இரண்டுமே மனசாரச் சொன்னவை. ஏதாவது ஒன்று நடந்தே ஆகவேண்டும். இந்த ஒரு தடவை காசிராஜனால் முழுக்கத் தப்பாகச் சொல்ல முடியாது.

முதல் முடிவை எழுதினேன். சுயம்புவின் பெயர் மில் கேட்டில் இருக்கிறது, காசிராஜன் சரியாகச் சொன்னவராகிறார், பெஞ்சு காலியாகிறது, இனி எல்லாரும் தோசையைச் சொந்தக் காசில் தின்னவேண்டியதுதான். இரண்டாவது முடிவில் பெயர் இல்லை, அங்கேயும் அவர் சொன்னதுதான் பலிக்கும். ஆனால் அப்படிப் பலிப்பதைவிட ஆயுளுக்கும் தப்பாகவே சொல்லிக்கொண்டிருக்க அவர் சம்மதிப்பார். அதை எழுத—

கை வரவில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் நான் பார்த்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

சுயம்பு விடிந்ததும் மில்லுக்குப் போய்விட்டான். மாஹிம் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஆறுமுகத்தாய் துவைத்த துணிகளோடு வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மேலாகக் கிடந்தது, முதுகில் பதினொன்று போட்ட சுயம்புவின் ஆட்டச் சட்டை. காசிராஜன் கடையிலிருந்து தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார். சொல்லலாமா என்று ஒரு தயக்கம். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் மெல்லச் சொன்னார்:

"மழை வராது."

ஆறுமுகத்தாய் பழக்கத்தில் வீட்டுக்குள் திரும்பினாள். நின்றாள். மேகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சட்டையை உதறி, வெளியே சந்தின் குறுக்கே கட்டிய கொடியில் போட்டு, காற்றில் பறக்காதபடி சட்டைக் கையைக் கொடியோடு முடிச்சுப் போட்டாள்.

காசிராஜன் கையில் புட்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"என்னட்டி, வெளிய போடுத?"

"நீங்கதான வராதுன்னு சொன்னிய" என்றாள்.

மேகம் சந்துக்கு நேர் மேலே வந்துவிட்டது. சட்டை ஆடுகிறது. சந்து முனையில் சுயம்பு திரும்புவது தெரிகிறது, முகம் இன்னும் தெரியவில்லை. இதற்கு மேல் நான் ஏதாவது எழுதினால் அது என் அபிப்பிராயம் ஆகிவிடும். உங்களுடையது என்ன? கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். காசிராஜன் காதில் விழுந்தால் அவரும் ஒன்று சொல்லிவிடுவார்.