திருட்டு முகூர்த்தம்

விக்னேஷ்குமார் மேல் வந்த புகாரைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவனுக்கு மட்டும் வரவில்லை. அடுத்த வருஷத்தைத் திருடி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான் என்பதுதான் புகார்.

சிவகாசியில் ஆடிப் பதினெட்டுக்கு முன்பே அடுத்த வருஷம் தயாராகிவிடும். அன்றுதான் புதுக் காலண்டர்களின் ஆல்பம் வெளிவரும். விக்னேஷ்குமார் சீனிவாசகம் அண்ணாச்சியின் காலண்டர் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நல்ல நேரம், ராகு காலம், முகூர்த்தம் எல்லாம் அவன் கைபட்டுத்தான் தினசரித் தாளில் உட்காரும். ஆல்பம் வெளிவரும் முன் ஒரு தாள்கூட வெளியே போகக்கூடாது என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தான்.

அந்தக் கையெழுத்தை மறக்கடித்தவர் கருப்பணன். தாயில்பட்டிப் பக்கம் மக்காச்சோளம் போடுகிற சம்சாரி. மகள் அழகுமீனாவை அவனுக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தவர். வருகிற வைகாசியில் மண்டபம் கிடைக்காவிட்டால் கல்யாணம் அதற்கும் அடுத்த வருஷம்தான் என்று ஒரே பிடியாக நின்றார். வைகாசிக்கான பஞ்சாங்கம் வர இன்னும் பல மாதம் கிடந்தது. அதுவரை பொறுக்கும் பொறுமை மாப்பிள்ளைக்கு இல்லை. முகூர்த்த நாள் ஃபைலை மாமனாருக்கு மட்டும் அனுப்பி, ‘யாருக்கும் அனுப்ப வேண்டாம்’ என்று கீழே எழுதினான். அவர் அந்த வரியையும் சேர்த்தே சொந்தபந்தம் குரூப்பில் போட்டுவிட்டார்.

சொந்தமாக ஜோசியர் வைத்துக் கணித்தவர்கள் மற்ற நாட்களை ஏற்கெனவே வளைத்திருந்தார்கள். வைகாசி இருபத்தைந்து, திங்கட்கிழமை மட்டும் எந்த மண்டபத்தைக் கேட்டாலும் காலி. நம் அதிர்ஷ்டம் என்று கருப்பணன் அதைப் பிடித்தார். ஃபைல் போன வழியெல்லாம் இன்னும் பதிமூன்று வீடுகள் அதே நாளைப் பிடித்தன.

அண்ணாச்சி லேசுப்பட்ட ஆள் இல்லை. எட்டு ஆபரேட்டர்களுக்கும் எட்டு ஃபைல் கொடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பொய் முகூர்த்தத்தை ஒளித்துவைத்திருந்தார். எந்தப் பொய் ஊருக்குள் நடமாடுகிறதோ, அந்தப் பொய்க்குரியவன்தான் திருடன். அச்சுக்குப் போகுமுன் எட்டையும் எடுத்துவிடுவதாக ஏற்பாடு. விக்னேஷ்குமாருக்கு வாய்த்த பொய், வைகாசி இருபத்தைந்து.

“நெசத்துல அன்னைக்குத் தேய்பிறை அஷ்டமி மேடம். ஆட்டுக்குட்டிகூட வாங்க மாட்டாக. கேஸ எழுதுங்க. காப்புரிமைச் சட்டத்துல மூணு வருசம் வரைக்கும் இருக்கு” என்றார் அண்ணாச்சி.

எழுத ஆரம்பித்த இன்ஸ்பெக்டர் வேலுத்தாய் பேனாவை மூடினார். அவருடைய தம்பிக்கு அன்றுதான் கல்யாணம். பக்கத்தில் ரைட்டர் மொக்கைச்சாமி தலையைச் சொறிந்தார். அவர் மகளுக்கும் அன்றுதான்.

“இது கேஸானா பேப்பர்ல வரும். பதினாலு வீடும் உங்க வாசல்ல வந்து நிக்கும் அண்ணாச்சி. அத நல்ல நாளாக்க முடியாதா?” என்றார் வேலுத்தாய்.

“அஷ்டமிய நான் எப்படி மேடம் மாத்துறது?”

“ஏற்கெனவே மாத்துனவுகதான நீங்க.”

அந்தப் பதினாலில் பாதிக்குமேல் அண்ணாச்சியிடம் வருஷாவருஷம் காலண்டர் ஆர்டர் கொடுக்கும் கடைக்காரர்கள் என்பதை மொக்கைச்சாமி எடுத்துச் சொன்னார். அண்ணாச்சி இறங்கிவந்தார். வைகாசி இருபத்தைந்து முகூர்த்த நாளாகவே அச்சாகும். நாள் மெய்யாகிவிட்டால் பொய் ஃபைல் என்று ஒன்று கிடையாது, ஆகவே திருட்டும் கிடையாது. விக்னேஷ்குமார் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை என்று மொக்கைச்சாமியே எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினார்.

வாசலுக்கு வந்ததும் அண்ணாச்சி அவன் தோளில் கைபோட்டார். “மூணு வருசத்தோட போயிருக்கும்லே. இனி ஆயுசுக்கும். வீட்டுல பால் திரிஞ்சாக்கூட ஒனக்கு அஷ்டமி ஞாபகம் வரும்.”

அதற்குக் கல்யாணம்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அழகுமீனா விஸ்வநத்தத்தில் பட்டாசு பேக்கிங் வேலை பார்ப்பவள். நல்ல நேரம் பார்க்காமல் புதுச் செருப்பில்கூடக் கால் நுழைக்காதவள். சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்ததும் அவனால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

“போயி ஒத்துக்கிடுங்க. கேஸானாத்தான் எங்கப்பா அந்த நாள விடுவாரு. மூணு வருசம்னாலும் நான் காத்திருக்கேன். அஷ்டமியில கழுத்த நீட்ட மாட்டேன்” என்றாள்.

மறுநாள் இருவருமாக ஸ்டேஷனுக்குப் போனார்கள். நான்தான் அனுப்பினேன் என்று அவன் சொல்ல, நீ அனுப்பவில்லை என்று வேலுத்தாய் சொன்னார். செல்போனைத் திறந்து காட்டினான். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு தடவை உண்மையைச் சொன்னால் உள்ளே தள்ளிவிடுவேன் என்று அதட்டினார். அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று அவன் கும்பிட்டான். வேறு ஏதாவது கேஸ் என்றால் பார்க்கலாம் என்று மொக்கைச்சாமி ஆறுதல் சொன்னார்.

தம்பிக்கு வேறு நாள் பார்க்கலாமே என்று அழகுமீனாதான் மெதுவாகக் கேட்டாள். வேலுத்தாயின் குரல் இறங்கிவிட்டது.

“அவனுக்கு முப்பத்தெட்டும்மா. நாலு எடம் நிச்சயம் வரைக்கும் போயி முறிஞ்சிருச்சு. நாள மாத்துனா இதுவும் போயிரும். எனக்கு மட்டும் பயமில்லையா? அந்தப் பொண்ணு போன வாரம் வந்து, நாள் நல்லா அமைஞ்சிருச்சு மதினின்னு அம்புட்டுச் சந்தோசமாச் சொல்லிட்டுப் போகுது.”

பஸ் ஸ்டாண்டுவரை அழகுமீனா நாலடி முன்னாலேயே நடந்தாள். இவள் இனி நமக்கில்லை என்றே விக்னேஷ்குமார் முடிவுகட்டிவிட்டான். தாயில்பட்டி பஸ் வந்ததும் அவள் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

“பதிமூணு பேரு தெரியாம கழுத்த நீட்டப் போறாக. தெரிஞ்ச நான் மட்டும் தப்பிச்சுக்கிட்டா, நாளைக்கு அவுகள்ல ஒருத்திக்கு ஒண்ணுன்னா நான் எப்படித் தூங்குவேன்? கட்டுங்க. அவுகளுக்கு வர்றது நமக்கும் வரட்டும்.”

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் விக்னேஷ்குமாருக்கு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அந்தப் பதிமூன்று பேர் அதுவரை அவன் நினைப்பிலேயே வந்ததில்லை.