பச்சை நாடு

லிஜி சண்டை போட்டுத்தான் கணவனை ஈரானிலிருந்து பஹ்ரைனுக்கு மாற வைத்தாள்.

சுஜின் ஈரானை ஒட்டிய ஒரு தீவில் விசைப்படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். ஊரில் கடலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். சம்பளம் கிடையாது, பங்குதான். மீனை விற்றுப் படகின் செலவு போக மீதியில் முதலாளிக்குப் பாதி, படகில் ஏறியவர்களுக்குப் பாதி. மீன் இல்லையென்றால் பங்கும் இல்லை. ஊரிலும் அதே முறைதான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

லிஜியின் தூக்கத்தைக் கெடுத்தது அவள் தம்பி சிஜினின் லேப்டாப். அவன் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் இரவு வேலை பார்த்தவன். எந்த நாட்டுக்குப் போகலாம், எந்த நாட்டுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை எழுதி வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விற்பது அவர்கள் தொழில். பிடிக்காமல் விட்டுவிட்டு வந்து வீட்டில் கிடந்தான். ஒருநாள் பொழுது போகாமல், ஆபத்தை வைத்து நாடுகளுக்கு நிறம் போட்ட அவர்களுடைய உலகப் படத்தை அக்காவுக்குக் காட்டினான்.

"சிவப்புன்னா என்னலே?"

"போவாண்டாம்னு அர்த்தம்."

"மஞ்ச?"

"போ, ஆனா சூதானமா இரு."

"பச்ச?"

"போய்ச் சாவு, எங்கள ஒண்ணும் கேக்காதன்னு அர்த்தம்."

"களியாக்காத. ஈரான் எங்க?"

அவன் விரலை வைத்த இடம் சிவப்பாக இருந்தது. லிஜியின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவன் விளக்கத் தொடங்கினான்.

"அக்கா, இத ரொம்ப நம்பாத. ஒரு நாட்டுக்காரன் போட்டதப் பாத்து இன்னொரு நாட்டுக்காரன் போடுவான். ரெண்டையும் பாத்து நாங்க போடுவோம். எவனுக்கு எவன்கூட சண்டையோ அத வச்சுதான் பாதி நிறம். ரோட்டுல வண்டி மோதிச் சாவுதவனுக்கு நிறமே கெடையாது. வெள்ளக்காரன் படத்துல நம்ம நாடு மஞ்ச, தெரியுமா? வட்டக்கோட்டைக்கு வாற டூரிஸ்ட்டு அத வாசிச்சிட்டுதான் வடையப் பாத்து நடுங்குதான்."

லிஜி சிரிக்கவில்லை. அவள் காதில் விழுந்தது சிவப்பு மட்டும்தான். அன்றைக்கே சுஜினிடம் ஆரம்பித்தாள்.

"பஹ்ரைன் பச்சையா இருக்கு. நம்ம ஊரு பேபி அண்ணன் அங்கதான இருக்காவ. அங்க போங்க."

"ஏட்டி, இங்க வலையப் போட்டா மீனு. முதலாளி தங்கமான மனுசன். என்னத்துக்கு மாறணும்?"

"குண்டு விழுந்தா ஒங்க முதலாளி வந்து கையில புடிப்பானா?"

தவக்காலம் முழுவதும் அவள் அவனோடு சரியாகப் பேசவில்லை. அவன் கூப்பிட்டால் பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். ஈஸ்டர் கழிந்ததும் அவன் மாறிக்கொண்டான்.

ஜூன் மாதம் ஈரானில் உண்மையிலேயே குண்டு விழுந்தது. ஊர் மொத்தமும் கோயிலில் முழங்காலில் நின்றது. லிஜியின் பக்கத்து வீட்டுப் பிரீனா தலையைத் தூக்கவே இல்லை. அவள் கணவன் மரியஜான் இன்னும் அந்தத் தீவில்தான் இருந்தான்.

"நீ கொடுத்து வச்சவ மக்கா" என்றாள் பிரீனா. லிஜி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பங்குச் சாமியார் மைக்கில் பெயர்களைக் கேட்டு வாங்கினார். டிவிக்காரர்கள் வந்தார்கள். அதிகாரிகள் கடற்கரைக்கே வந்து விவரம் எடுத்தார்கள். கப்பல், பிறகு விமானம், பிறகு அரசாங்க வேன். மரியஜான் தோளில் பொன்னாடையோடு தெருவில் வந்து இறங்கினான்.

"குண்டா? அத டிவியிலதான் பாத்தோம். நாங்க இருந்த தீவுல ஒரு ஓலைவெடி கூட வெடிக்கல்ல" என்றான். பிரீனா அவன் முதுகில் அடித்தாள்.

அதற்கு அடுத்த வாரம் பேபி பஹ்ரைனிலிருந்து கூப்பிட்டார்.

"லிஜி, பேடிக்காத. சுஜின் போன படகப் புடிச்சிட்டானுவ."

"யாரு அண்ணே?"

"பக்கத்து நாட்டுக் கடல் போலீசு. எல்லையத் தாண்டிட்டானுவ."

"எதுக்குத் தாண்டினாவ?"

பேபிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "மீனு அங்கல்லா நின்னுது" என்றார். "இங்க ஒரு மாசமா ஒண்ணும் இல்ல. பங்கு வேண்டாமா?"

லிஜி தம்பியை எழுப்பி மறுபடி அந்தப் படத்தைத் திறக்கச் சொன்னாள். பஹ்ரைன் பச்சையாகத்தான் இருந்தது, ஒரு பொட்டு அளவுக்கு. பக்கத்து நாடும் பச்சை.

"ஒனக்க அத்தானப் புடிச்சது எந்த இடம்?"

சிஜின் இரண்டு பச்சைக்கும் நடுவில் விரலை வைத்தான். வெறும் நீலம்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒண்ணும் இல்லக்கா. கடலுக்கு யாரும் நிறம் போடமாட்டாங்க. டூரிஸ்ட்டும் ஆபீசரும் தரையிலதான நிப்பான்."

சுஜின் தரையில் நிற்பது மீனை இறக்கி ஐஸ் ஏற்றும் நேரம் மட்டும்தான். அவன் நிற்காத தரைக்காக அவள் தவக்காலம் முழுக்க வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். சிஜின் லேப்டாப்பை மூடினான்.

திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வரிசையில் நின்றாள். அதிகாரி நல்ல மனிதர்தான். நாற்காலி போடச் சொன்னார்.

"ஈரான்லயாம்மா?"

"இல்ல சார். பஹ்ரைன்ல இருந்து போனவிய. பக்கத்து நாட்டுல புடிச்சு வச்சிருக்கு."

"ஈரான்னா மேலிருந்து உத்தரவு இருக்கு, ஆள் இருக்காங்க. அந்த நாட்டுக்கு எச்சரிக்கையே கிடையாதேம்மா. பாதுகாப்பான நாடு."

"பாதுகாப்பான நாட்டு ஜெயில்லதான் சார் கெடக்காவ."

அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார். மனுவை வாங்கி முத்திரை போட்டார். தூதரகத்துக்கு எழுதச் சொன்னார். தூதரகத்தில் முதலாளி மூலமாக வரச் சொன்னார்கள். முதலாளியின் படகே பிடிபட்டிருந்ததால் அவன் போனை எடுக்கவில்லை. அரசாங்க உதவி எண்ணுக்குச் சிஜின் கூப்பிட்டுப் பார்த்தான். ஈரானில் உள்ளவர்களுக்கு ஒன்றை அழுத்துங்கள் என்றது ஒரு பெண் குரல். மற்றவர்களுக்கு எந்த எண்ணும் சொல்லவில்லை.

"ஒண்ண அழுத்தவா?" என்று கேட்டான் சிஜின்.

"அழுத்தி?"

அவன் அழுத்தவில்லை.

ஆகஸ்டில் ஒரு மதியம் சுஜினே கூப்பிட்டான். பின்னால் பல மொழிகளில் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, நான்தான். சாப்பாடெல்லாம் கொள்ளாம். அடிக்கல்ல ஒண்ணும்."

"எப்ப விடுவானுவ?"

"மத்தவனுவள விட்டிருவான் போலுக்கு. ஸ்டியரிங் புடிச்சவன் மட்டும் நிக்கணுமாம்."

"யாரு புடிச்சா?"

படகில் ஆளுக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றி ஓட்டுவார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

"அந்நேரம் எனக்க முறைதான்" என்றான் சுஜின்.

"எவ்வளவு நாளைக்கு நிக்கணும்?"

"கோர்ட்டுல சொன்னான். அரபியில சொன்னான். ஒருத்தனுக்கும் புரியல்ல."

லிஜி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மரியஜான் வந்து சேந்தானா?" என்று கேட்டான் சுஜின்.

"வந்தாச்சு. திரும்பப் போவப் போறாவளாம். அதே தீவுக்குத்தான்."

"போவட்டும். அந்த முதலாளி நல்ல மனுசன்."

அவன் அதைக் குத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் அறுந்தது.

உடனே திருப்பிக் கூப்பிட்டாள். மணி அடிக்கவே இல்லை. ஜெயில் எண்ணிலிருந்து இங்கே வரும், இங்கிருந்து அந்த எண்ணுக்குப் போகாது என்று பேபி அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்தும் அவள் மறுபடி அழுத்தினாள்.