மூக்கு நீண்ட ஒன்று

கீ…!

கம்ப்யூட்டர் கத்தியது. திரையில் ஓடிக்கொண்டிருந்த பச்சை எழுத்துகள் அப்படியே நின்றன. தனக்கொடியின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே தொங்கின. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியின் தோள், முதுகில் அடி விழுந்தது போலக் குலுங்கியது.

"நாப்பத்தொண்ணு" என்றாள் கொளஞ்சி, திரும்பாமலே. "அடிடி. இன்னும் ஒம்போது. அதோட என் கத முடிஞ்சிது."

மணி காலை ஆறு. மில் சங்கு ஊதியிருக்க வேண்டும். ஆனால் அந்த அறைக்குள் எதுவும் கேட்காது. தூசி புகக்கூடாது என்று ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். செருப்பெல்லாம் வெளியே, எட்டுப் பிள்ளைகள் உள்ளே, கதவுக்கு வெளியே வாட்ச்மேன் கையில் சாவி. ஐந்தரைக்கு உள்ளே வந்தால் பத்து மணிக்குத்தான் திறப்பான். ஏசியின் குளிரில் விரல்கள் விறைத்துப்போகும். அக்குளில் செருகிச் சூடேற்றிக்கொண்டு மறுபடியும் அடிப்பார்கள்.

வாசலில் பெரிய போர்டு: 'இன்று பயிற்சி, நாளை வேலை'. பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரல் மாதம் சேர்ந்தவர்கள் இவர்கள். மூன்று மாதத்தில் கம்ப்யூட்டர், இங்கிலீஷ் பேச்சு, இன்டர்வியூவில் நடந்துகொள்ளும் முறை எல்லாம் கற்றுத் தரப்படும் என்றது நோட்டீஸ். முதல் வாரம் கற்றுத்தான் தந்தார்கள். கதவைத் தட்டுவது, நாற்காலி நுனியில் உட்காராமல் இருப்பது, கேட்பவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வது. இரண்டாவது வாரம் மூட்டை மூட்டையாகச் சீட்டுகள் வந்து இறங்கின.

என்ன சோப்பு, என்ன பற்பொடி, வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிய சீட்டுகள். மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்குப் போக வேண்டியவை. முன் வரிசை நால்வர் ஆளுக்கொரு கட்டாக அடிப்பார்கள். அதே கட்டைப் பின் வரிசை நால்வர் மறுபடியும் அடிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் மெஷின் வாய் திறக்காது. ஓர் எண் மாறினாலும் கத்தும். கத்தல் முன் வரிசைக்காரரின் பெயரில் ஏறும். மாதத்துக்கு ஐம்பது கத்தல் ஆகிவிட்டால் 'பயிற்சி போதவில்லை' என்று இன்னும் மூன்று மாதம்.

அதுவரை மார்க் ஷீட் கிடையாது.

சர்டிபிகேட்டில் பெயரைச் சரியாக எழுத வேண்டும் என்று சொல்லி, ஜூன் மாதம் எட்டுப் பேருடைய அசல் மார்க் ஷீட்டையும் வாங்கி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார் சென்டர் முதலாளி கிருஷ்ணசாமி. அது இல்லாமல் பிளஸ் ஒன் இல்லை, ஐடிஐ இல்லை. தனக்கொடிக்கும் கொளஞ்சிக்கும் திங்கட்கிழமை பாலிடெக்னிக் இன்டர்வியூ. இன்றைக்குச் சனிக்கிழமை.

தனக்கொடியின் அப்பா காசிலிங்கம் ஒருமுறை வந்து கேட்டுப் பார்த்தார். மில்லில் தறி ஓட்டுபவர். ஒரு ஷிப்டைக் குறைத்துவிட்டதால் பாதிக் கூலிக்கு வந்திருந்தார். கிருஷ்ணசாமி அவரை உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, அவரே கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினார். 'பயிற்சி முடியும்வரை சான்றிதழ்கள் நிலையத்தின் பொறுப்பில்.' மாடிப்படி இறங்கும்போது காசிலிங்கம் மகளிடம், "படிச்சுப் பாக்காம போட்டுட்டேம்மா" என்றார்.

"பின்னால இருக்கிறவ நெனச்சா கம்முனு உட்டுடலாம்" என்று நேற்று கொளஞ்சி வெடித்திருந்தாள். "நீ ஒவ்வொண்ணா பொறுக்கி எடுத்துக் காட்டிக்குடுக்கறே. உனக்கின்னா, கத்தலே இல்லாம மகராசியா திங்கக்கெழம போவே."

அவள் சொன்னது உண்மைதான். பின் வரிசைக்குக் கத்தல் ஏறாது. அவளுடைய மூன்று மாதம் இன்றோடு முடிகிறது.

கீ…!

நாற்பத்திரண்டு. தனக்கொடி சீட்டைக் கையில் எடுத்தாள். வயது 11. திரையில் கொளஞ்சி அடித்திருந்தது 77.

பக்கத்திலிருந்த குமாரவேல் எட்டிப் பார்த்தான். நோணாங்குப்பத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை. எந்தத் துக்கத்திலும் அவன் வாய் சும்மா இருக்காது. "இன்னா கொளஞ்சி, பள்ளிக்கூடம் போற பொண்ண எழுபத்தேழு வயசுக் கெழவியாக்கிட்டியே! கல்யாணம் யாரு பண்ணிக்குவா?"

தனக்கொடி சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய சீட்டை எடுத்தாள். அதற்கும் முந்தையதை எடுத்தாள். எல்லாம் ஒரே கையெழுத்து. ஒன்றுக்கு மேலே மூக்கு நீட்டிக்கொண்டு, பார்வைக்கு ஏழு மாதிரியே இருந்தது. உண்மையான ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. இந்த ஊரைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். தனக்கொடி குடும்பம் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பழைய சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அவருக்கு உறை மேல் விலாசம் எழுதிக் கொடுத்துப் பழகியதால் தனக்கொடிக்கு அது தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழுப்புரம் பக்கத்திலிருந்து கூலி வேலை தேடிக் கதிர்காமத்துக்கு வந்த குடும்பம் கொளஞ்சியுடையது. அவளுக்கு இரண்டும் ஏழுதான்.

"கொளஞ்சி, இது உன் தப்பு இல்லடி!"

"பேசக் கூடாது" என்றார் கிருஷ்ணசாமி, மேஜையிலிருந்து. குரல் எப்போதும் பஞ்சு போலத்தான் இருக்கும். "நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல இப்படித்தான் பேசுவீங்களா?"

தனக்கொடி எழுந்து அந்தச் சீட்டுகளோடு மேஜைக்குப் போனாள். சார் கவனித்திருக்க மாட்டார், சொன்னால் கத்தலைக் கழித்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். பேச வாய் எடுத்தவளின் கண், திறந்திருந்த வருகைப் பதிவேட்டில் விழுந்தது. அவர் சற்றுமுன் எழுதிய தேதி: 11-7-87.

ஒன்றுகளுக்கு நீண்ட மூக்கு. ஏழுகளுக்குக் குறுக்குக் கோடு.

கட்டுகளின் மேல் பெயர் எழுதிப் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். மூக்கு நீண்ட கட்டெல்லாம் இந்த மாதம் கொளஞ்சிக்கு. போன மாதம், முன் வரிசையில் இருந்த குமாரவேலுக்கு. அவன் பெயரில்தான் கத்தல் ஐம்பதைத் தாண்டி, இன்னும் மூன்று மாதம் கூடியது. இரண்டு பேரும்தான் அறையிலேயே வேகமாக அடிப்பவர்கள்.

"உங்களுக்குத் தெரியும் சார்" என்றாள்.

"இன்னாம்மா தெரியும்?"

"இது ஒண்ணு. ஏழு இல்ல. நீங்களே இப்படித்தான் எழுதறீங்க. தெரிஞ்சுதான் இந்தக் கட்டக் கொளஞ்சிக்குக் குடுத்தீங்க. வேகமா வேல செய்றவங்க வெளிய போயிடக் கூடாதுன்னு."

மற்ற ஏழு விசைப்பலகைகளின் சடசடப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

கிருஷ்ணசாமி பதிவேட்டை மூடினார். "வேலன்னு சொல்லாதே. எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்? இது பயிற்சி. நீங்கள்லாம் ஸ்டூடண்ட்ஸ். என் சொந்தப் புள்ளைங்க மாதிரி."

"சொந்தப் புள்ளைங்க மார்க் ஷீட்டையும் பூட்டி வெச்சிருக்கீங்களா சார்?" என்றான் குமாரவேல்.

அவர் அவனைப் பார்க்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்து பீரோவைத் திறந்தார். ஒரு காகிதத்தை உருவித் தனக்கொடியிடம் நீட்டினார்.

"உன்னுது. மூணு மாசம் முடிஞ்சிது. வாட்ச்மேன் கதவத் தொறப்பான். திங்கக்கெழம இன்டர்வியூவுக்குப் போ, நல்லாயிரு. மத்தவங்க வெவகாரம் உனக்கெதுக்கு?"

காகிதம் அவள் கைக்கு வந்துவிட்டது. அவள் பெயர், பள்ளிக்கூடத்து முத்திரை, கணக்கில் தொண்ணூற்று மூன்று. ஐந்து வாரமாகக் கனவில் வந்த காகிதம். கதவு பத்து அடி தூரத்தில் இருந்தது. இதை வாங்கிக்கொண்டு போனால் அப்பா முகம் எப்படி மலரும் என்று ஒரு நொடி தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். கொளஞ்சி குனிந்து, விறைத்த விரல்களை அக்குளில் செருகியிருந்தாள். "போடி" என்றாள் மெதுவாக. அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

கேட்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். இந்த அறையில் கற்றுத் தந்த பாடம் அது. தனக்கொடி கிருஷ்ணசாமியின் கண்ணைப் பார்த்தாள்.

"எட்டும் ஒண்ணா குடுங்க சார்." காகிதத்தை மேஜை மேல் வைத்தாள்.

திரும்பி நடந்து, பின் வரிசையில் தன் இடத்தில் உட்காராமல், நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் முன் வரிசையில் கொளஞ்சி பக்கத்தில் போட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கொளஞ்சி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கைகளையும் இறக்கினாள். அடுத்தது குமாரவேல். பின் வரிசை நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தரையில் கிறீச்சிட்டு முன்னால் வந்தன. எட்டுப் பேரும் ஒரே வரிசை. மெஷின்களின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"பத்து மணி பஸ்ஸுல நீங்க அடிச்ச பிளாப்பி மெட்ராஸ் போவணும். தெரியுமில்ல?" பஞ்சுக் குரல் நைந்து போயிருந்தது. "போலீஸக் கூப்பிடட்டுமா? உங்க அப்பனுங்க கையெழுத்து என்கிட்ட இருக்கு!"

"கூப்பிடுங்க சார்" என்றாள் கொளஞ்சி. "நாங்க இங்க காலையில அஞ்சரையிலேருந்து இன்னா பண்றோம்னு அவங்களும் கேக்கட்டும்."

"சாயங்காலம் வரைக்கும் கதவத் தொறக்கவே மாட்டேன்!"

"நாங்களும் அடிக்க மாட்டோம்" என்றான் குமாரவேல். "குளிருதுன்னு பாத்தா, கைய மடியில வெச்சா கொஞ்சம் சூடாத்தான் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். மூன்று மாதத்தில் அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு. திங்கட்கிழமை பாலிடெக்னிக் வாசலில் தன் பெயரைக் கூப்பிடும்போது கையில் என்ன இருக்கும் என்று தனக்கொடிக்குத் தெரியவில்லை. கொளஞ்சி நகர்ந்து, அவளோடு முழங்கால் ஒட்ட உட்கார்ந்தாள்.

ஒன்பதரைக்கு மேஜை மேல் போன் அலறியது. நீண்ட மணி. மெட்ராஸிலிருந்து டிரங்க் கால். கிருஷ்ணசாமி எட்டுப் பேரையும் பார்த்தார். எடுத்தார்.

"ஆமா சார், நான்தான்… இல்ல, இன்னிக்கி அனுப்ப முடியாது… கரன்ட்டெல்லாம் இருக்கு சார்… மெஷினும் நல்லாத்தான் ஓடுது…"

அந்தப் பக்கத்துக் குரல் ஓங்கியது. அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, போனைக் கையால் பொத்தினார். ஆனால் அந்த மூடிய அறையில் எதுவும் கேட்காமல் போகாது.

"ஸ்டூடண்ட்ஸ் இல்ல சார்… என்கிட்ட வேல செய்றவங்க. எட்டுப் பேரும் வேலைய நிறுத்திட்டாங்க."