முன்னால் வராத சாவி

சாக்கடைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவியவளுக்குத்தான் அதன் நாற்றம் தெரியும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவனுக்கு என்ன தெரியும்?

வேன் சாவி காணாமல் போன அன்று குட்டை மேஸ்திரி தேடாத இடமில்லை. அந்தப் பெயரை வைத்தது தெரு. ஆள் குள்ளம், ஆனால் நாலைந்து பெண்களை வைத்து வேலை வாங்குகிறவள். ஊர் விழிப்பதற்கு முன்னால் அலுவலகக் கட்டடங்களுக்குள் புகுந்து, கழிவறை முதல் கண்ணாடிக் கதவு வரை கழுவித் துடைத்து, கோட்டுப் போட்டவர்கள் வருவதற்குள் வெளியேறிவிடுகிற கூட்டம் அவளுடையது. சாவி எப்போதும் அடுப்படி ஆணியில் தொங்கும். அன்றைக்கு ஆணி மட்டும்தான் இருந்தது. மெத்தையைப் புரட்டினாள், டப்பாக்களைக் கவிழ்த்தாள், குப்பைக்கூடையைத் தரையில் கொட்டிக் கிளறினாள். கடைசியில், இறங்கும்போது விழுந்திருக்குமோ என்று வாசல் சாக்கடை மூடியைத் தூக்கிக் கையை விட்டாள்.

அவள் புருஷன் நெட்டை, கால்சட்டைப் பைகளில் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். "இன்னும் கொஞ்சம் உள்ள விடு. அடியில போயிருக்கும்" என்றான்.

விட்டாள்.

"பொறுப்பு வேணும்டி. வண்டி வச்சிருந்தா மட்டும் போதாது" என்று அதற்கும் மேலே ஒன்று சொன்னான்.

பழைய வேன் அது. விற்றவன் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தான். புதுச் சாவி செய்துவிடலாமே என்று சாவி தொலைந்த அன்றைக்கே அவள் கேட்டாள். நெட்டை சிரித்தான். "இந்த வண்டிச் சாவியெல்லாம் கம்பெனிக்காரந்தான் செய்யணும். மாசக்கணக்காகும். பேசாம பஸ்ல போ." லாரி ஓட்டினவன் சொல்லுகிறானே என்று நம்பினாள். லாரிக் கம்பெனி மூடியதிலிருந்து அவன் வீட்டில்தான் இருந்தான். வேன் வாங்கிய புதிதில், "நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்று சாவியை அவன் கையில் வைத்தவள் அவள்தான். "பொண்டாட்டிக்கு டிரைவரா வேலை பாக்கச் சொல்றியா? வாளி தூக்குற பொம்பளைங்கள நான் ஏத்திட்டுப் போகணுமா?" என்று அதை மேசைமேல் விட்டெறிந்தான். அப்புறம்தான் அவள் ஓட்டப் பழகினாள். முதுகுக்கு ஒரு தலையணை, சீட்டை முன்னால் தள்ள முடிந்த மட்டும் தள்ளி, ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்க.

பஸ்ஸில் போனார்கள். வாளி, துடைப்பம், திரவக் கேன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு. வாளிக்கெல்லாம் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் கண்டக்டர். கூட்டத்தில் மூத்தவளான வாளியக்கா விடவில்லை. "வாளி உக்காந்து வருது, நான் நின்னு வரேன். யாருக்கு டிக்கெட்டுன்னு நீயே சொல்லு தம்பி." பஸ்ஸே சிரித்தது. குட்டை மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. தரை தேய்க்கும் மெஷின் பூட்டிய வேனுக்குள் கிடந்தது. கன்றுக்குட்டி கனம், வெளியே இருந்தாலும் பஸ்ஸில் ஏற்ற முடியாது. கல்தரை முழுவதையும் முட்டி போட்டுக் கையால் தேய்த்தார்கள். முட்டித்தோல் உரிந்தது. தரை மட்டும் பளபளக்கவில்லை. கட்டட மேனேஜர் விரலால் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில மெஷின் வரணும். வரலேன்னா உங்க ஆளுங்களும் வர வேணாம்" என்றார். அந்தக் கட்டடம் போனால் கூட்டமே கலைந்துவிடும்.

வாளியக்காதான் எங்கேயோ விசாரித்து ஒரு சாவிக்காரரின் நம்பரைக் கொண்டுவந்தாள். கம்பெனியும் வேண்டாம், மாசமும் வேண்டாம், வீட்டு வாசலுக்கே வந்து செய்துவிடுவாராம்.

மத்தியானம் சாவிக்காரர் வந்து இறங்கியதும் நெட்டையின் முகம் போன போக்கை அவள் கவனிக்கவில்லை. "எவன் நம்பர் குடுத்தான்?" என்று அவன் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

சாவிக்காரர் வேனின் தாள்களை வாங்கிப் பார்த்தார். கதவுப் பூட்டுக்குள் மெல்லிய கருவி ஒன்றை நுழைத்து, காதைச் சாய்த்து, பல்வலிக்காரன் வாயைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். கதவு திறந்தது. "ஏறி அந்த பானெட் லீவர இழுங்கக்கா."

ஏறினாள். பழக்கத்தில் இடது கால் கிளட்ச்சைத் தேடிப் போனது. கிளட்ச் இல்லை. கால் காற்றில் ஆடியது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளட்ச் அதன் இடத்தில்தான் இருந்தது. ஒரு சாண் தள்ளி. முதுகுத் தலையணை பின்சீட்டில் கிடந்தது. கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை, வேனின் கூரை தெரிந்தது. யாரோ சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டியிருக்கிறான். நீளக் கால்காரன்.

கல்தரையில் அவள் முட்டி தேய்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஊர் சுற்றி வந்து, அதே இடத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். சாக்கடைக்குள் கை விட்டாளே, அப்போதும் சாவி அவன் பைக்குள்தான் இருந்திருக்கும். இன்னும் உள்ள விடு என்றானே!

பல்லைக் கடித்தாள். லீவரை இழுத்தாள். இறங்கினாள்.

சாவிக்காரர் தன் வண்டியின் பின்புறத்தில் சின்ன மெஷினை ஓடவிட்டுப் புதுச் சாவிகள் இரண்டு வெட்டினார். பொடி பறந்தது. "வெட்டுறது பாதி வேலைதான். சாவித் தலைக்குள்ள அரிசி கணக்கா ஒரு சிப்பு இருக்கு. வண்டிக்கு அத அடையாளம் தெரியணும். தெரியாத சிப்புன்னா இஞ்சின் மசியாது." ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் செருகி, கையில் பலகை மாதிரி இருந்த கருவியைத் தட்டினார். பிறகு நிமிர்ந்து வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "வேற சாவி ஏதாச்சும் இருக்கா? இருந்தா இப்பவே எடுத்தாங்க. பழசெல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் புதுசு பதியும். இப்ப முன்னால வராத சாவி அப்புறம் வெறும் இரும்பு."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, உங்ககிட்ட இருக்கா?"

"எங்கிட்ட ஏது சாவி? உன் வண்டி, உன் சாவி."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்க என்ன இருக்கு? இரும்பு இரும்புதான். ஓட்டைக்குள்ள நுழைஞ்சு திரும்புனா வண்டி கெளம்பும். அரிசியாம், சிப்பாம்! எத்தன லாரி ஓட்டியிருக்கேன், எங்கிட்டயே கத விடுறான்."

சாவிக்காரர் கோபப்படவில்லை. "சரிதாண்ணே, உங்க லாரி காலத்துல இரும்பு இரும்புதான்" என்றார்.

"சாவிக்காரரே, அத இன்னொரு தடவ சொல்லுங்க. சத்தமா" என்றாள் அவள்.

"முன்னால வராத சாவி செத்துப்போயிடும்!"

நெட்டை வீட்டுக்குள் போனான். எடுக்கத்தான் போகிறான். கட்டிலுக்கடியில் கிடந்துச்சு என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு வருவான். வரட்டும். அந்தப் பொய்யையும் முழுங்கிவிடலாம் என்று அந்த இடத்தில் நின்றபடியே முடிவு செய்தாள். எத்தனையோ முழுங்கியாயிற்று, இதுவும் ஒன்று. என் பிழைப்பு போகக்கூடாது என்று அவனுக்கு ஒரு நொடி தோன்றினால் போதும்.

அவன் வெளியே வந்தான். கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. வாசற்படியில் நின்று, அதைத் தானே கடகடவென்று குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அழிச்சுடுங்க" என்றாள் அவள்.

டாஷ்போர்டில் சின்ன விளக்கு ஒன்று படபடவென்று சிமிட்டியது. பிறகு நிதானமாகச் சிமிட்டியது. பிறகு அணைந்தது. சாவிக்காரர் புதுச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. நெட்டை மறுபடி உள்ளே போய்விட்டான்.

"பழசு எங்கனா கெடச்சா தூக்கிப் போட்றாதீங்கக்கா. வெட்டு அதே வெட்டுதானே, கதவு தொறக்கும். ஆனா இஞ்சின் ஓடாது. எழுந்த மாதிரி எழுந்து படுத்துக்கும்" என்று வயரைச் சுருட்டினார் சாவிக்காரர். கூலியை வாங்கிக்கொண்டு, "எல்லா வீட்லயும் சாவி இப்படித் தொலஞ்சாத்தான் எம்பொழப்பு ஓடும். அதுக்காகத் தொலைக்கச் சொல்லல" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவள் சீட்டைத் தொடவில்லை. எப்படிக் கிடந்ததோ அப்படியே விட்டுக் கதவைப் பூட்டினாள். புதுச் சாவிகள் இரண்டும் உள்ளங்கையில் இருக்க, உள்ளே போய், "கண்ண இழுக்குது, செத்த படுக்கறேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூக்கமாவது ஒன்றாவது! அடுப்பில் வைத்த இரும்பு மாதிரி உடம்பு கொதித்தது.

கொஞ்ச நேரத்தில் வாசற்கதவு சத்தமில்லாமல் திறந்தது. பிறகு வேன் கதவு. பிறகு இஞ்சின்: விருட்டென்று எழுந்து, அப்படியே அடங்கியது. மறுபடி எழுந்து, அடங்கியது. மறுபடியும்.

அவள் எழுந்து வெளியே போனாள். சாயங்காலம் சாமான் ஏற்ற வந்திருந்த வாளியக்கா, வாளிகளைக் கீழே வைத்துவிட்டு வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே நெட்டை, நெற்றி வியர்க்க, பழைய சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். கை உடைந்துவிடும்போலத் திருகினான்.

"என்னா தம்பி, லாரி கெளம்பலியா?" என்றாள் வாளியக்கா.

அவன் கையை எடுத்தான். சாவி அதன் ஓட்டையிலேயே தொங்கி ஆடியது. முழுப் பூசணிக்காய், மறைக்கச் சோறு இல்லை. "இது... இப்பத்தான்... கட்டிலுக்கடியில..." என்றான்.

மத்தியானம் எதிர்பார்த்த அதே பொய். அப்போது வந்திருந்தால் வாங்கி வைத்துக்கொண்டிருப்பாள்.

"சாக்கடையில கை விட்டேனே, பாத்துட்டுத்தானே நின்ன?" அவள் குரல் தெருமுனை வரை போனது. மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. "இன்னும் உள்ள விடுன்னு சொன்ன வாய்தானே இது? ஓட்டணும்னு ஆசையா இருந்தா கேட்டிருக்க வேண்டியதுதானே? சாவியக் கையில வச்சேன், விட்டெறிஞ்ச. அஞ்சாறு பொம்பளைங்க முட்டி தேஞ்சு ரத்தம் வடிக்குது, நீ எங்க பொழப்பு மேல உக்காந்து ஊர் சுத்தியிருக்க!"

"ஏய், தெருவுல நின்னு புருஷன நீ வா போன்னு..."

"புருஷனா? திருடன் கூட திருடுன எடத்துல நின்னு தேட ஐடியா சொல்ல மாட்டான்!"

அவன் சாவியை உருவிக்கொண்டு இறங்கக் கால் எடுத்தான். அவள் கதவை மறித்து நின்றாள். அவள் தலை, சீட்டில் இருந்தவன் மார்பு உயரத்துக்குத்தான் இருந்தது. நீளக் காலை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டான்.

"அந்த இரும்ப நீயே வச்சுக்க. கதவு தொறக்கும், உள்ள உக்காந்துக்கலாம்" என்றாள். "இப்ப சீட்ட முன்னால தள்ளி வச்சுட்டு எறங்கு."

அவன் வாளியக்காவைப் பார்த்தான். மாடி ஜன்னலைப் பார்த்தான். பிறகு குனிந்து, சீட்டுக்கடியில் கம்பியைத் தேடி இழுத்து, உட்கார்ந்தபடியே முன்னால் நகர்த்தினான். டக், டக் என்று ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது. முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அவள். "இன்னும் உள்ள விடு."